பாப்பம்மாவுக்கு அவசரமாக ஒரு வேன்

இதில் ஒரு சொல்லும் இட்டுக்கட்டியதல்ல. மாரியம்மன் சந்நிதியில் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்யவும் தயார். அந்த வாரம் எங்கள் தீவு நகரமான லவுத்தோக்காவின் கடைகளில் கற்பூரம் தீர்ந்துவிட்டது என்பதால் அணைக்க முடியவில்லை. அது கடைக்காரர்கள் குற்றம், என் குற்றமல்ல.

வேன் நின்ற இடம்தான் சரியில்லை.

முன்சக்கரங்கள் கரும்பு ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பின்சக்கரங்கள் இந்தப் பக்கம். உள்ளே ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். இனி எழ வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. தூரத்தில் ரயில் ஊதியது.

"தள்ளுங்கய்யா! வாத்தியாரை ரெண்டு தடவ சாகடிக்காதீங்க!" என்று யோகேந்திரா கத்தினார்.

தள்ளினார்கள். வேன் நகர்ந்தது, எஞ்சின் நகரவில்லை. அதாவது எஞ்சினின் பாதி கழன்று தண்டவாளத்திலேயே தங்கிவிட்டது. வழியில் போன கரும்பு லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, பாதிப் பாரத்தின் மேல் வாத்தியாரை ஏற்றிக் கட்டினார்கள். லாரி ஓட்டுநர் நல்ல மனிதர், காசு வேண்டாம் என்றார். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. சுடுகாட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையில் திரும்பாமல், நேராக ஆலை வாசலுக்குப் போய் எடை போடும் வரிசையில் நின்றுவிட்டார். முன்னால் பதினைந்து லாரி. வாத்தியாரை வரிசையிலிருந்து வெளியே எடுப்பதற்குள் யோகேந்திராவின் வேட்டி கிழிந்தது, மானம் அதற்கு முன்பே கிழிந்திருந்தது.

யோகேந்திரா நகரசபையில் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். தென்னிந்தியர் இறுதி யாத்திரை உதவிச் சங்கத்தின் செயலாளர். அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. சங்கத்துக்கு இருந்த ஒரே சொத்து அந்த வேன் என்பதால் எல்லாரும் வேன் சங்கம் என்றார்கள். இப்போது வேனும் இல்லை. மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதைக் கொண்டுபோக இன்னொரு வேன் வேணும்" என்று சொல்லிக் கை கழுவினான்.

மறுநாள் காலை பாப்பம்மா வந்தாள். எழுபத்தாறு வயது. தனியாக இருப்பவள். குரல் மட்டும் இன்னும் கரும்பு வயலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிடுகிற குரல்.

"அடே யோகேந்திரா! வாத்தியாரை எடை போட்டுட்டீங்களாமே!"

"போடலை, அக்கா. போடறதுக்குள்ள இறக்கிட்டோம்."

"என்னையும் அப்படித்தான் கொண்டுபோவீங்களா? என் புருஷன் சந்தா கட்டினான், செத்தான், ஜம்முனு வேன்ல போனான். நானும் அவன்கூடவே கட்டினவ. நான் மட்டும் கரும்புக் கட்டோட போவணுமா?"

"உங்களுக்கு என்ன அக்கா அவசரம்?"

"டாக்டர் என் நெஞ்சுல குழாயை வச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம தலையை ஆட்டினான். கரும்பு வெட்டு முடியறவரைக்கும்தான் நான் இருப்பேன். அதுக்குள்ள வேன் ஓடணும். லாரியில ஏத்தினீங்கன்னா, சத்தியமா சொல்றேன், எழுந்து இறங்கி நடந்தே போயிருவேன். பாக்கறவன் பயந்து செத்தா அதுக்கும் உனக்கு வேன் கிடையாது."

யோகேந்திராவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாப்பம்மா மேல் அல்ல. அக்கரை போனவர்கள் மேல்.

எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபோது கடைக்காரர்களும் கணக்கர்களும் போனார்கள். இரண்டாயிரத்தில் கவிழ்த்தபோது வாத்தியார்களும் நர்சுகளும் போனார்கள். போன டிசம்பரில் மறுபடி கவிழ்த்தார்கள், மிச்சமிருந்த தச்சர்களும் போனார்கள். ஒவ்வொரு கூவுக்கும், அதாவது ஆட்சிக் கவிழ்ப்புக்கும், ஒரு விமானம் நிறைய ஆள். பிரிஸ்பேன், ஆக்லாந்து, சாக்ரமென்டோ. போனவர்கள் எல்லாரும் உயிரோடு போனார்கள். செத்துப் போகிற வயதில் இருந்தவர்களை மட்டும் யோகேந்திராவின் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள்.

"ஊரை விட்டு ஓடினவனுக்கெல்லாம் அங்க ரெண்டு கார்! இங்க செத்தவனுக்கு ஒரு வேன் இல்லை!" என்று மனைவியிடம் பொரிந்தார். மனைவி டாரோக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பியும் பிரிஸ்பேனில்தான் இருந்தான். கத்தி கொஞ்சம் வேகமாக ஓடியது.

முதலில் பழைய முறையையே செய்து பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் கோயில் கொட்டகையில் மயக்கம் தரும் யங்கோனா வேரை இடித்துக் கரைத்து வைத்தார். நிதி திரட்ட அந்த ஊரில் அதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஒருவன் காசு வைத்து, "இந்தச் சிரட்டை பொன்சாமிக்கு" என்பான். பொன்சாமி குடிக்க வேண்டும், முடியாவிட்டால் அதைவிட அதிகம் காசு வைத்து வேறொருவன் தலையில் தள்ள வேண்டும். பகை இருக்கும் ஊரில் பணம் கொட்டும்.

கஷ்டம் என்னவென்றால், பகையாளிகள் எல்லாரும் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் சிநேகிதர்கள். பொன்சாமி, தள்ளிவிடும் உத்தேசமே இல்லாமல், தனக்கு வந்ததையும் பிறருக்கு வந்ததையும் சந்தோஷமாகக் குடித்தார். முடிவில், வந்த காசு வேர் வாங்கிய கடனுக்கே போதவில்லை. பொன்சாமியை வீட்டுக்குக் கொண்டுபோகவும் ஒரு வேன் தேவைப்பட்டது.

"இப்பல்லாம் எல்லாம் இன்டர்நெட்லதான், அண்ணே" என்றார் ரேமண்ட்.

ரேமண்ட் மருந்துக் கடைக்குப் பின்னால் இன்டர்நெட் கடை வைத்திருந்தார். கத்தோலிக்கர். மாதா படத்துக்குக் கீழே நாலு கம்ப்யூட்டர். அரை மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். மாதாவுக்கும் வேன் சங்கத்துக்கும் ஒரே கட்டணம், சலுகை கிடையாது.

"பிணம் ஏத்தற வேனுக்கு யார் காசு குடுப்பான்னு கேளு" என்றார் யோகேந்திரா.

ரேமண்ட் தட்டினார். ஏதோ ஒரு நாட்டு மருத்துவக் கல்லூரி முதலில் வந்தது. உங்கள் உடலை எங்களுக்கு எழுதிக் கொடுங்கள், ஏற்றிச் செல்லும் செலவு எங்களுடையது என்றது.

"நான் வேன் கேட்டா இவன் உடம்பைக் கேக்கறான்! என்ன நியாயம் இது?"

"செலவு அவனுதாம், அண்ணே. பாப்பம்மா அக்காகிட்ட ஒரு வார்த்தை..."

"அவங்ககிட்ட நீ போய்ச் சொல்லு. உன் உடம்பை அவன் எடுத்துக்கட்டும்."

ரேமண்ட் வேறு மாதிரி தட்டினார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். "லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு நிதி திரட்டும் தொழில்முறையாளர்களுக்குப் பயனுள்ள இணையப் பக்கங்கள்."

"தொழில்முறையாளரா? காசு கேக்கறது ஒரு தொழிலா? அதுக்கு ஒரு படிப்பா? நான் இருபது வருஷமா சும்மா கேட்டுக்கிட்டிருக்கேன்!"

"அதான் கிடைக்கலை, அண்ணே."

பயனுள்ள பக்கத்தை அழுத்தினார்கள். அது இன்னொரு பயனுள்ள பக்கத்துக்குப் போகச் சொன்னது. அந்தப் பக்கம், இதைவிடப் பயனுள்ள பக்கங்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு வரிசை காட்டியது. சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து போய், கடைசியில் திறந்தது முதலில் பார்த்த பக்கம். "பிரமாதமா இருக்குது உங்க பயன்! நம்ம நகரசபையிலகூட மூணாவது ஜன்னலோட விட்டுருவான்" என்று யோகேந்திரா கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினார். பக்கத்து நாற்காலியில் காதலிக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தவன் எழுந்து போய்விட்டான்.

மறுநாள் கனடாக்காரி ஒருத்தி அகப்பட்டாள். படத்தில் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள். நிதி திரட்ட அவளிடம் பொன்விதிகள் இருந்தன. ரேமண்ட் அதை அச்செடுத்துக் கொடுத்தார், தாளுக்குத் தனிக் காசு.

முதல் விதி: கேட்பதற்கு முன் நன்றி சொல்.

யோகேந்திரா சொன்னார். அக்கரை போனவர்களின் முகவரிகளை ஊரெல்லாம் அலைந்து சேகரித்து, "வேன் நிதிக்கு நீங்கள் தந்த தாராளமான நன்கொடைக்கு நன்றி" என்று ரேமண்டை விட்டு எல்லாருக்கும் அனுப்பினார்.

மூன்றாம் நாள் பிரிஸ்பேனிலிருந்து ரொனீதா எழுதியிருந்தாள். யோகேந்திராவின் மைத்துனன் மனைவி. "என் புருஷன் எனக்குத் தெரியாமல் எவ்வளவு அனுப்பினார்? இன்னும் யாருக்கெல்லாம் அனுப்புகிறார்? உண்மையைச் சொல்லவும்." மைத்துனன் வாசலில் காரில் தூங்குவதாகத் தகவல். ஆக்லாந்திலிருந்து அமித் என்பவன், கொடுத்த நன்கொடைக்கு வரி விலக்கு ரசீது கேட்டிருந்தான். கொடுக்காத காசுக்கு ரசீது!

"திருடனுங்க!" என்றார் யோகேந்திரா. அன்று வீட்டில் அவருக்குச் சாப்பாடு ஆறித்தான் கிடைத்தது.

பாப்பம்மா இந்த விஷயங்களையெல்லாம் தினம் வந்து விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கனடாக்காரி வேற என்ன சொல்றா?"

"ஊர்க்கதை சொல்லாதே, ஒரே ஒரு ஆளோட கதையைச் சொல்லுங்கிறா. ஒரே ஒரு முகத்தைக் காட்டணுமாம். பாக்கறவனுக்கு நெஞ்சு உருகணுமாம்."

"உருகற மாதிரி முகம் இங்க யாருக்கு இருக்குது? பொன்சாமிக்கா?"

யோகேந்திரா அவளையே பார்த்தார். பாப்பம்மாவுக்குப் புரிந்ததும் கோபம் வந்தது.

"என்னையா? என்னைப் படம் பிடிச்சு ஊர் ஊராக் காட்டிப் பிச்சை எடுக்கப் போறியா? என் புள்ள சிவன் பார்த்தான்னா என்ன நினைப்பான்?"

சிவன் எண்பத்தேழில் சாக்ரமென்டோ போனவர். ஆறு மாதத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் அம்மா என்று சொல்லிப் போனார். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி டெலிபோனில், "குளிர் குறையட்டும் அம்மா" என்பார்.

"உங்க வேனுக்காகத்தான் அக்கா."

"என்னமோ செய். ஒரு படம்தான். அதுக்கு மேல கேக்கக் கூடாது."

படம் பிடிக்கும் சுமனின் ஸ்டூடியோ பஸ் நிலையத்துக்கு எதிரில். யோகேந்திரா போனபோது பாப்பம்மா முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தாள். கோயிலிலிருந்து நேராக வந்தாளாம். வெள்ளைப் புடவை, நெற்றியில் சந்தனம், கழுத்தில் பெரிய சாமந்தி மாலை. பூசாரி போட்டதைக் கழற்றினால் சாமிக்குக் கோபம் என்றாள். வெளிச்சம் பளிச்சென்று அடித்தபோது கண் கூசிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணு எடுத்திரலாமா?" என்றார் யோகேந்திரா.

"ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணுதான். நீ போ, ரேமண்டு கடையைச் சாத்திருவான். நான் கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு வரேன்."

படத்தின் கீழே ரேமண்ட் பெரிய எழுத்தில் அடித்தார்: பாப்பம்மாவுக்கு அவசரமாக ஒரு வேன் தேவை. அனுப்பினார்கள்.

கனடாக்காரி பொய் சொல்லவில்லை. நெஞ்சு உருகியது. மறுநாள் காலை ரேமண்டின் கடையில் அனுதாபச் செய்திகள் குவிந்திருந்தன. பாப்பம்மா அத்தை ஆத்மா சாந்தி அடையட்டும். எங்களைத் தூக்கி வளர்த்த கை. சின்ன வயதில் மாங்காய் திருடினால் அடிக்காமல் உப்பு கொடுத்த மகராசி. ரொனீதா தன் வீட்டில் விளக்கேற்றி வைத்து பஜனை பாடி அறுபது பேருக்குச் சாப்பாடு போட்டிருந்தாள், மைத்துனனையும் காரிலிருந்து உள்ளே விட்டிருந்தாள். எல்லாருமே பணம் அனுப்பியிருந்தார்கள். ஈமச் செலவுக்கு. பதினாறாம் நாளுக்கு. சிலர் வடைக்கென்று தனியாக.

யோகேந்திரா படத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தார். மாலை, சந்தனம், மூடிய கண். உயிரோடு இருக்கும் ஆளை அப்படி எந்தத் தமிழன் படம் எடுத்து அனுப்புவான்?

போய்ச் சொன்னார். பாப்பம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு பேரு?"

"எல்லாரும்தான், அக்கா."

"உயிரோட இருக்கறப்ப ஒருத்தன் ஒரு போன் போட்டானா? என் கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ஒருத்தி வந்தாளா? செத்தவுடனே அறுபது பேருக்குச் சோறு! நான் தின்னலையே அந்தச் சோத்தை!" அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு துடைத்துக்கொண்டு கேட்டாள். "சிவன் என்ன எழுதியிருக்கான்?"

"அவன் மட்டும் ஒண்ணும் எழுதலை."

பாப்பம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

யோகேந்திரா ஓடினார். உடனே மறுப்பு அனுப்ப வேண்டும். ஆனால் கனடாக்காரியின் விதி ஒன்று இருந்தது: பணம் வந்தவுடன், வேறு எதையும் சொல்லும் முன், நன்றி மட்டும் சொல். மற்ற விஷயத்தைத் தனிக் கடிதமாக அனுப்பு.

"விதின்னா விதி, அண்ணே. இதுவரைக்கும் அவ சொன்னது பலிச்சுதா இல்லையா?" என்றார் ரேமண்ட்.

அதனால் முதலில் நன்றி போயிற்று. "பாப்பம்மாவுக்காக நீங்கள் செய்த உதவி என்றும் மறக்காது." இரண்டாவது கடிதம் அனுப்பக் கையை வைத்தபோது மின்சாரம் போயிற்று. ஊரெல்லாம் போயிற்று. இரண்டு நாள் வரவில்லை.

வந்தபின், "பாப்பம்மா நலமாக உயிருடன் இருக்கிறார்" என்று அனுப்பினார்கள். பதில்கள் பறந்து வந்தன. ஒருத்தரும் நம்பவில்லை. ரொனீதா எழுதினாள்: "நன்றி சொன்ன பிறகு உயிர் வந்ததா? அறுபது பேர் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு யார் பதில் சொல்வது? ஆதாரம் அனுப்பவும்." அமித், ஈமச் செலவுக்கும் ரசீது கேட்டான்.

"ஆதாரம் வேணுமாமே, ஆதாரம்! மூச்சு விடறது போதாதா?" என்று யோகேந்திரா குதித்தார்.

"அன்னிக்குப் பேப்பரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு படம் எடுத்தா தேதி தெரியும்" என்றார் ரேமண்ட்.

சுமன் இந்தத் தடவை வீட்டுக்கே வந்தார். மாலை கூடாது, சந்தனம் கூடாது, கண் நன்றாகத் திறந்திருக்க வேண்டும் என்று யோகேந்திரா பத்துத் தடவை சொன்னார். பாப்பம்மா சுவரோரம் நின்று, அன்றைய செய்தித்தாளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி முறைத்தாள். அவசரத்தில் எடுத்ததால் வெளிச்சம் போதவில்லை. பின்னால் நின்ற பொன்சாமியின் நிழல் சுவரில் பெரிதாக விழுந்திருந்தது, கையில் இருந்த குடை வேறு ஏதோ மாதிரித் தெரிந்தது.

அக்கரையில் இருந்தவர்கள் எல்லாரும் கூவுக்குப் பயந்து ஓடியவர்கள். அந்தப் படத்தைப் பார்த்தவுடன் அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. பாப்பம்மாவை எவனோ பிடித்து வைத்திருக்கிறான்!

முன்பு வந்ததைவிட இரண்டு பங்கு பணம் வந்தது. "அவளை ஒன்றும் செய்யாதீர்கள்" என்று குறிப்பும் வந்தது. ஆக்லாந்தில் ஒரு தமிழ் வானொலியில் பாப்பம்மாவுக்காகப் பிரார்த்தனை நடந்தது. அமித் முதல் முறையாக ரசீது கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பாப்பம்மா வீட்டு வாசலில் ராணுவ ஜீப் நின்றது. இறங்கிய கார்ப்பரல் வாசற்படி அளவுக்கு அகலமானவர். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, நல்ல ஹிந்தியில், மரியாதையாக விசாரித்தார்.

"வெளிநாட்டிலேர்ந்து போன் மேல போன். இங்க ஒரு வயசான அம்மாவை யாரோ அடைச்சு வச்சிருக்காங்களாமே. யாரு?"

"இவன்தான்" என்று பாப்பம்மா யோகேந்திராவைக் காட்டினாள்.

"அக்கா!"

"பின்ன? முதல்ல என்னைச் சாகடிச்சே. அப்புறம் என்னைக் கடத்தினே. இன்னும் வேன் வரலை."

யோகேந்திரா ஆரம்பத்திலிருந்து சொன்னார். தண்டவாளம், வாத்தியார், கனடாக்காரி எல்லாம். கார்ப்பரல் குறிப்பு எழுத ஆரம்பித்து, எடை போடும் வரிசைக்கு வந்தபோது எழுதுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். பாப்பம்மா அவருக்குச் சூடாக ரொட்டியும் மீன் குழம்பும் வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நாந்தி விமான நிலைய டாக்சி வந்து நின்றது. கறுப்பு சூட் போட்ட ஒருவர் இறங்கினார். பளபளவென்று மொட்டைத் தலை. கையில் ஒரு பித்தளைக் குடம், மூடியில் கழுகு. ராணுவ ஜீப்பையும் வீட்டு வாசலையும் பார்த்து, "அம்மா!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். பாப்பம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருடா செத்தது? மொட்டை அடிச்சிருக்கே?"

சிவன் குடத்தைக் கீழே போட்டார். அது கார்ப்பரலின் காலடிக்கு உருண்டு போயிற்று.

"அம்மா, நீ... படம் வந்தது... மாலை... அதுக்கப்புறம் நான் எதையும் திறந்து பார்க்கலை..."

"இதென்ன குடம்?"

"சாம்பல் எடுத்துட்டுப் போக, அம்மா. அங்கேயே வாங்கினேன்."

பாப்பம்மா அதை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். "கனமாத்தான் இருக்குது. ஊறுகாய் போடலாம்." பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "ஏண்டா, நான் செத்துட்டேன்னா ஒரே வாரத்துல டிக்கெட் கிடைக்குதா? உயிரோட இருந்தா இருபது வருஷமாக் கிடைக்காதா? என் சாம்பலுக்கு உன் வீட்டுல இடம் இருக்குது. எனக்கு இல்லையா? சாம்பலுக்குக் குளிராதா?"

கார்ப்பரல் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். தன் அம்மாவுக்குப் போன் செய்து எத்தனை நாளாயிற்று என்று யோசிப்பவர் மாதிரி இருந்தது. சிவன் தரையில் உட்கார்ந்து, மொட்டைத் தலையை அம்மாவின் கால் மேல் வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"என்னோட வந்துரு, அம்மா. இனிமே உன்னை விட்டுட்டுப் போக மாட்டேன்."

"நான் வரலை."

"அக்கா எங்கயும் வர மாட்டாங்க!" என்று யோகேந்திரா நடுவில் பாய்ந்தார். "இந்த ஊர்ல ஓடாம நிக்கறது அவங்க ஒருத்தங்கதான். அவங்களையும் கொண்டுபோயிட்டா நாங்க யாரைத் தூக்கறது?"

"கேட்டியா? இவன் எனக்காக வேன் வாங்கறான். அதை விட்டுட்டு நான் எப்படி வருவேன்?" என்றாள் பாப்பம்மா.

சிவன் ஒரு வாரம் கெஞ்சினார். சாப்பிடாமல் கிடந்தார். ஏழாம் நாள் பாப்பம்மா பெருமூச்சு விட்டு, "உன் மொட்டையைப் பார்க்க சகிக்கலை. உனக்காக வரேன்" என்றாள்.

காகித வேலைகள் முடிய அடுத்த கரும்பு வெட்டுத் தொடங்கிவிட்டது. அதற்குள் பணத்தைத் திருப்பிக் கொடுக்க யோகேந்திரா துடித்தார். பாப்பம்மா அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, ரேமண்டின் கடைக்குப் போய் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டாள். "நான்தான் பாப்பம்மா பேசறேன். நீ குடுத்த காசு திருப்பி வேணுமா?" பிரிஸ்பேனில் ரொனீதா போனைக் கீழே போட்டுவிட்டாள். ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. கார்ப்பரல்கூட ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போனார்.

வேனுக்குப் புது எஞ்சின் வந்தது. புதுச் சக்கரம் வந்தது. வெள்ளை வர்ணம் அடித்தார்கள். அதன் முதல் பயணம் நாந்தி விமான நிலையத்துக்கு. பாப்பம்மா பிடிவாதமாக அதில்தான் போவேன் என்றாள், முன் இருக்கையில். பெட்டியும் ஊறுகாய்க் குடமும் பின்னால், வாத்தியார் படுத்திருந்த இடத்தில். வழியெல்லாம் வயலில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். ஜன்னல் வழியே பாப்பம்மா கை ஆட்டியதும் இரண்டு பேர் கரும்புக்குள் ஓடிவிட்டார்கள்.

விமான நிலையத்தில் யோகேந்திராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "போகவே மனசில்லைடா. என்ன செய்யறது, விதி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வழியனுப்புப் படம் எடுக்க சுமனும் வந்திருந்தார். விமானம் மேலே போகும்வரை இருவரும் வேலியோரம் நின்றார்கள். யோகேந்திரா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் என் தப்பு, சுமன். அந்தப் பாழாய்ப்போன படம். அதை நான் அனுப்பாம இருந்திருந்தா அவங்க இந்த ஊரைவிட்டு நகர்ந்திருப்பாங்களா? வேணாம் வேணாம்னு சொன்னவங்களை நானே துரத்திட்டேன். இந்த வயசுல, இஷ்டமே இல்லாம!"

சுமன் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டே ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க ஸ்டூடியோவை விட்டுப் போனவுடனே, மாலையைக் கழட்டிட்டு பாஸ்போர்ட்டுக்கு ஒரு செட் எடுத்துக்கிட்டாங்களே, அண்ணே."